மூடி எங்கே?

வங்கக் கடலிலே காற்றழுத்தத் தாழ்வு என்று வானொலி சொன்னதும் சென்னையிலே என்னென்ன நடக்கிறது என்பதை நாம் அறிவோம். துறைமுகத்திலே எச்சரிக்கைக் கூண்டு ஏறுகிறது. பள்ளிக்கு விடுமுறையா என்று பிள்ளைகள் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்கின்றன. பாலுக்கும் ரொட்டிக்கும் மெழுகுவத்திக்கும் கடை வாசலிலே கூட்டம் முண்டுகிறது. ரேஷன் அட்டையையும் பிள்ளைகளின் சான்றிதழையும் பிளாஸ்டிக் பையிலே சுற்றிப் பரண்மேல் ஏற்றுகிறாள் வீட்டுத் தாய். எல்லாம் நடக்கிறது. ஆனால் அடுப்பங்கரை மூலையிலே, கேட்பாரும் பார்ப்பாருமின்றி, கொட்டுகிற மழைக்கும் எனக்கும் என்ன உறவு என்பதுபோல ஒன்று உட்கார்ந்திருக்கிறது. அதுதான் சிலிண்டர்!

எரிவாயு உருளை என்று எழுதத்தான் ஆசை. எழுதினால், "உருளையா? கிலோ என்ன விலை?" என்று கேட்கிற குறும்புக்காரத் தோழர்கள் நம்மிலே உண்டு. ஆகவே வீட்டிலே வழங்குகிற பேராலேயே அழைப்போம்.

அந்தச் சிலிண்டர் வீட்டுக்கு வந்த அன்று, அதன் வாயிலே ஒரு பிளாஸ்டிக் மூடி இருந்தது. கழுத்தோடு நைலான் கயிறு போட்டுக் கட்டியிருந்தது. போட வந்தவர் அந்த மூடியைக் கழற்றி, ரெகுலேட்டரை மாட்டி, அடுப்பைப் பற்றவைத்துக் காட்டிவிட்டுப் போனார். போனது போகட்டும். அந்த மூடி இன்று எங்கே?

சிரிக்காதீர்கள். மயிலையிலே கேட்டுப் பாருங்கள், மாம்பலத்திலே கேட்டுப் பாருங்கள், அடையாற்றங்கரை வாரியக் குடியிருப்பிலே படியேறிக் கேட்டுப் பாருங்கள். பத்து வீட்டிலே எட்டு வீடு விழிக்கும். குழந்தை விளையாட எடுத்துப் போயிருக்கும். பெருக்கித் தள்ளிய குப்பையோடு போயிருக்கும். நாள்தோறும் சோறு வேகும்வரை அந்த மூடியை யாரும் தேடுவதில்லை. தேட வேண்டிய நாள் ஒன்று உண்டு. அது புயல் நாள்.

ஏன் என்று கேட்கிறீர்களா? சொல்கிறேன்.

நாம் வாழ்கிற மண் எப்படிப்பட்ட மண் என்பதை முதலில் எண்ணிப் பாருங்கள். நீதிக்கட்சியின் தூண் பிட்டி தியாகராயரின் பெயர் தாங்கி நிற்கிறதே தியாகராய நகர், அது என்ன? 1920களிலே ஏரியைத் தூர்த்து எழுப்பிய நகர்! மாம்பலத்து நீண்ட ஏரி கிடந்த இடத்திலேதான் இன்று பட்டுக்கடையும் பாத்திரக்கடையும் பளபளக்கின்றன. ஏரி போய்விட்டது, ஏரிக்கு வரவேண்டிய தண்ணீர் மட்டும் பழைய விலாசத்தை மறக்காமல் ஒவ்வொரு கார்த்திகையிலும் தேடி வருகிறது. மயிலைக்கு ஒரு பக்கம் பக்கிங்காம் கால்வாய், மறுபக்கம் கடல். பட்டினப்பாக்கத்துச் சீனிவாசபுரத்துக்கோ ஒருபுறம் அலை, மறுபுறம் ஆற்றின் வாய். 2015 டிசம்பர் 1ஆம் நாள் இரவு செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி தண்ணீர் திறந்துவிடப்பட்டபோது அடையாறு என்ன செய்தது? சைதாப்பேட்டையிலே கரையை மீறியது, நந்தனத்திலே புகுந்தது, கோட்டூர்புரத்திலே வாரியக் குடியிருப்புகளின் தரைத்தளத்தை விழுங்கியது. உடுத்த துணியோடு மாடிக்கு ஓடினார்கள் மக்கள். அடுத்த ஆண்டே, 2016 டிசம்பர் 12இல், வர்தா வந்தது. மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேலான காற்று சாலைக்குச் சாலை மரத்தைச் சாய்த்தது. பல நாள் மின்சாரம் இல்லை. 2023 டிசம்பரிலே மிக்சாம். மறுபடியும் வீட்டுக்குள்ளே தண்ணீர்.

தண்ணீர் வீட்டுக்குள் வந்தால் சிலிண்டர் என்ன ஆகும்? "இரும்பு ஆயிற்றே, கனமாயிற்றே, அசையாது கிடக்கும்" என்று எண்ணுகிறோம். தவறு, தோழர்களே! மிதக்கும்! காலி மட்டுமல்ல, நிறைந்த சிலிண்டரும் மிதக்கும்!

கணக்குப் போட்டுப் பாருங்கள். இரும்புக்கூடு 15, 16 கிலோ. உள்ளே அடைத்த கேஸ் 14.2 கிலோ. சேர்ந்தால் ஏறத்தாழ 30 கிலோ. ஆனால் அதன் உடம்பு அடைத்துக்கொள்ளும் இடமோ ஏறத்தாழ 35 லிட்டர். 35 லிட்டர் தண்ணீர் 35 கிலோ. தன் எடையைக் காட்டிலும் அதிக எடையுள்ள தண்ணீரை விலக்குகிற பொருள் மிதக்கும் என்று ஆர்க்கிமிடீஸ் சொல்லிச் சென்று இரண்டாயிரம் ஆண்டுக்கு மேலாகிறது. காலிச் சிலிண்டருக்கு முழங்கால் அளவுத் தண்ணீர் போதும். நிறைந்ததற்கு இன்னும் சற்று ஏறவேண்டும், அவ்வளவுதான் வேறுபாடு. 2023 ஜூலையிலே குசராத்தின் நவ்சாரி நகரத்திலே பெருமழை பெய்தபோது கிடங்கிலிருந்து சிலிண்டர்கள் கூட்டம் கூட்டமாகத் தெருவிலே மிதந்து வந்த காட்சியை நாடே பார்த்தது. அங்கே கிடங்கிலிருந்து வந்தது. இங்கே அடுப்பங்கரையிலிருந்து வரும்.

மிதந்தால் மட்டும் போதுமே, நீந்திப் போகட்டுமே என்கிறீர்களா? அது தனியாக மிதப்பதில்லை. கழுத்திலே ரெகுலேட்டர், ரெகுலேட்டரிலே ரப்பர்க் குழாய், குழாயின் மறுமுனையிலே அடுப்பு. தண்ணீர் தூக்க, சிலிண்டர் சாய, குழாய் இழுபட, எங்கே பிடி தளர்ந்ததோ அங்கே பிய்த்துக்கொள்கிறது. நிமிர்ந்து நிற்கிற சிலிண்டரிலிருந்து வருவது ஆவி. சாய்ந்து கிடக்கிற சிலிண்டரிலிருந்து வருவதோ திரவம்! அந்தத் திரவம் ஒரு மடங்கு வெளியே வந்தால் ஏறத்தாழ 250 மடங்கு ஆவியாக விரியும். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. புகைபோல மேலே போகாது. தரையோடு தரையாக, தண்ணீரின் மேலே பாய்போலப் படர்ந்து, பள்ளம் தேடிப் போகும். மாடிப்படியின் கீழ் தேங்கும். அடுத்த வீட்டு வாசற்படியைத் தாண்டும்.

எவ்வளவு கசிந்தால் ஆபத்து? அறைக் காற்றிலே நூற்றுக்கு இரண்டு பங்கு கேஸ் கலந்தாலே பற்றிக்கொள்ளும். பத்தடிக்குப் பத்தடி அறை, பத்தடி உயரம், நம் தோழர்கள் பலருடைய அரண்மனை அதுதானே, அந்த அறைக்கு ஏறத்தாழ ஒன்றேகால் கிலோ கேஸ் போதும். அதுவும் அறை முழுதும் சீராகக் கலந்தால்தான் இந்தக் கணக்கு. தாழ்ந்து தேங்குகிற குணம் இருப்பதால் அதைவிடக் குறைவே போதும். 14.2 கிலோவிலே ஒன்றேகால் கிலோ எம்மாத்திரம்!

இனி மூடிக்கு வருவோம். ரெகுலேட்டரைக் கழற்றியதும் சிலிண்டரின் வாய், உள்ளேயிருக்கிற சுருள்வில்லால் தானாக மூடிக்கொள்ளும். அப்படியானால் பிளாஸ்டிக் மூடி எதற்கு? இரண்டு காரணம். வால்வு சரியாக மூடாமல் கசிந்தால் அந்தக் கசிவை அது தடுக்கும். வெள்ளத்திலே வருகிற சேறும் மணலும் அந்த வாய்க்குள்ளே போகாமல் காக்கும். சேறு புகுந்த வாயிலே மறுநாள் ரெகுலேட்டரைப் பொருத்தினால் வால்வு சரியாக அமராது. அமராத இடத்திலே கசியும். வெள்ளம் வடிந்த பிறகு, "அப்பாடா!" என்று பெருமூச்சு விடுகிற நேரத்திலே வருகிற விபத்துக்கு அது வித்து.

ஆகவே, புயல் எச்சரிக்கை வந்த அன்று மாலைக்குள் செய்ய வேண்டியது இது. சமைப்பதைச் சமைத்து முடித்ததும் அடுப்புத் திருகை மூடி, ரெகுலேட்டரின் சுவிட்சையும் மூட வேண்டும். தண்ணீர் வரும் என்ற அச்சமிருக்கிற வீட்டிலே ரெகுலேட்டரையே கழற்றி, மூடியைப் போட்டுச் 'சடக்' என்று அழுத்த வேண்டும். ரெகுலேட்டரைப் பிளாஸ்டிக் பையிலே கட்டி, அந்த ரேஷன் அட்டையோடு மேலே வைத்துவிடலாம். சிலிண்டரை மாடிக்கு ஏற்ற முடிந்தால் ஏற்றுங்கள். காற்றோட்டமான இடத்திலே நிமிர்த்தி வையுங்கள். பரண்மேல் படுக்க வைக்காதீர்கள். குளியலறைக்குள் பூட்டி வைக்காதீர்கள். நம் குடியிருப்புகளிலே மாடிப்படிக்குக் கீழேதான் மின்சார மீட்டர்கள் வரிசையாக இருக்கும். சிலிண்டர்களையும் அங்கேயே அடுக்குவது வழக்கம். அந்த வழக்கத்தை அன்றைக்கு மட்டுமாவது விட்டுவிடுங்கள். தூக்க முடியவில்லையா? நின்ற இடத்திலேயே சன்னல் கம்பியோடோ தூணோடோ தாம்புக் கயிற்றால் இறுகக் கட்டுங்கள். மேலே ஒரு கட்டு, நடுவயிற்றிலே ஒரு கட்டு. மிதந்தாலும் சாயாது, சாய்ந்தால்தானே சங்கடம்!

இதையெல்லாம் யார் செய்வது? இங்கேதான் ஆண்தோழர்களிடம் ஒரு சொல். அடுப்பங்கரை பெண்களின் எல்லை என்று பேசுகிற பழைமைவாதியை மேடையேறி நையாண்டி செய்கிறோம். சரி. நம் வீட்டு ரெகுலேட்டரைக் கழற்ற நமக்குத் தெரியுமா? புயல் இரவிலே பெரும்பாலான தொழிலாளத் தோழர்கள் வீட்டிலே இருப்பதில்லை. மின்வாரியத் தோழர் கம்பத்தடியிலே நிற்கிறார். மாநகராட்சித் தோழர் சாக்கடை அடைப்பை எடுக்கிறார். ஆட்டோ ஓட்டுகிற தோழர் எங்கோ தண்ணீரிலே சிக்கிக்கொள்கிறார். வீட்டிலே கிழவியும் குழந்தையும் 30 கிலோ இரும்பும்! எனவே அந்த வேலை புயலுக்கு முன்னாலே, நாம் வேலைக்குப் புறப்படுமுன்னே முடிந்திருக்க வேண்டும். கழற்றுவது எப்படி, மூடுவது எப்படி என்பதை வீட்டிலே உள்ள ஒவ்வொருவரும் ஒருமுறையாவது செய்து பார்த்திருக்க வேண்டும்.

தண்ணீர் புகாத வீட்டுக்கும் புயலிலே தொல்லை உண்டு. அது காற்றால் வருவது. சன்னல் இடுக்கிலே புகுந்த காற்று அடுப்பை அணைத்துவிடும். சுடர் போய்விட்டது; கேஸ் போகவில்லை, வந்துகொண்டேயிருக்கிறது. சுடர் அணைந்தால் தானே நிறுத்திக்கொள்ளும் அமைப்பு நம் வீட்டு அடுப்புகளிலே பெரும்பாலும் கிடையாது. மின்சாரமும் இல்லாத இருட்டிலே, "அடுப்பு அணைந்துவிட்டதே" என்று நெருப்புக்குச்சியை உரசிக்கொண்டு போகிறவர் தன் கையாலேயே தன் வீட்டுக்குக் கொள்ளி வைக்கிறார். புயலடிக்கிறபோது அடுப்பைவிட்டு நகராதீர்கள். நகர வேண்டுமானால் அணைத்துவிட்டு நகருங்கள்.

இன்னொரு பழக்கம். சாலையெல்லாம் தண்ணீர், சிலிண்டர் வண்டி வரவில்லை, இருக்கிற சிலிண்டரோ தீர்கிற நிலை. உடனே அதைப் படுக்க வைப்பார்கள், குலுக்குவார்கள், சிலர் வெந்நீரையும் ஊற்றுவார்கள். இரண்டு வேளைச் சோற்றுக்காகச் செய்கிற இந்தச் சிக்கனத்தைப் பழிக்க எனக்கு மனமில்லை. வறுமை கற்றுக்கொடுத்த வித்தை அது. ஆனால் படுத்த சிலிண்டரிலிருந்து வருவது திரவம் என்று மேலே சொன்னேன். ரெகுலேட்டர் ஆவிக்காகச் செய்யப்பட்டது. திரவத்தை அது தாங்காது. அடுப்பிலே ஆள் உயரத்துக்குச் சுடர் எழும்பினால் எந்தப் பாத்திரத்தால் மூடுவீர்கள்? பெரிய சிலிண்டரிலிருந்து சின்னச் சிலிண்டருக்கு மாற்றி நிரப்பித் தருகிற கடைகளும் அந்த நேரத்திலேதான் சுறுசுறுப்பாகின்றன. வெளியூரிலிருந்து வேலை தேடி வந்து, முகவரி அட்டை இல்லாமல், ஒற்றை அறையிலே எட்டுப் பேர் தங்குகிற தொழிலாளிக்கு அந்தக் கடைதான் கதி. அவன்மேல் குற்றமில்லை. முகவரிச் சான்று இல்லாதவருக்கும் முறையான ஐந்து கிலோ சிலிண்டர் விற்பனையுண்டு என்பதை அவனுக்கு எடுத்துச் சொல்லாத நம்மேல்தான் குற்றம்.

நிவாரணப் பணிக்குப் போகிற தோழர்களே, உங்களுக்கும் ஒரு பத்தி! வெள்ளம் வந்தால் கலியாண மண்டபத்திலும் பள்ளிக்கூடத்திலும் அண்டா ஏறுகிறது. ஆயிரம் பேருக்குச் சாம்பார் சாதம் பொட்டலமாகிறது. வாழ்க அந்தத் தொண்டு! ஆனால் அங்கே என்ன பார்க்கிறோம்? 19 கிலோ சிலிண்டர்கள் நாலைந்து, எரிகிற அடுப்புக்கு முழத்தூரத்திலே, சாமியானாத் துணிக்கு உள்ளேயே நிற்கின்றன. குழாயின்மேல் ஆட்கள் மிதித்துப் போகிறார்கள். பக்கத்திலேயே குழந்தைகள் வரிசையிலே நிற்கின்றன. சிலிண்டரைப் பந்தலுக்கு வெளியே, மழை தேங்காத மேட்டிலே, நிமிர்த்தி வையுங்கள். பயன்பாட்டில் இல்லாததை அங்கே அடுக்காதீர்கள். ரெகுலேட்டர் பக்கத்திலே மூடத் தெரிந்த ஒரு தோழர் வேறு வேலையின்றி நிற்கட்டும். படம் எடுக்க ஒரு தோழரை நிறுத்துகிறோமே, இதற்கும் ஒருவரை நிறுத்தினால் என்ன குறைந்துவிடும்?

வெள்ளம் வடிந்தபின் வீடு திரும்புகிறபோது கதவைத் திறந்ததும் மூக்குக்கு வேலை கொடுங்கள். கேசுக்குத் தனக்கென்று மணமில்லை. கசிவு தெரியட்டும் என்று மெர்காப்டன் என்ற நாற்றப் பொருளைக் கலந்து அனுப்புகிறார்கள். ஆனால் சாக்கடையும் சேறும் செத்த எலியும் நாறுகிற வீட்டிலே இந்த நாற்றம் அந்த நாற்றத்துக்குள்ளே ஒளிந்துகொள்ளும். சளி பிடித்த மூக்கையும் நம்ப முடியாது. எனவே நாற்றம் தெரியவில்லை என்பதாலேயே கசிவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். முதலில் கதவு, சன்னல்களைத் திறந்து காற்று வரவிடுங்கள். சுவிட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். இரண்டிலும் பொறி உண்டு. மெழுகுவத்தி வேண்டாம். வீடு மீண்டதே என்று படத்துக்கு முன்னே கற்பூரம் ஏற்றப் போகிற அம்மையாரையும் சற்று நிறுத்துங்கள். பக்தியைப் பற்றி இங்கே வாதமில்லை, கேசுக்குப் பக்தனென்றும் பகுத்தறிவாளனென்றும் பேதம் தெரியாது. கசிவு என்று ஐயம் வந்தால் வெளியே வந்து, வெளியே நின்றே, 1906 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். இந்தியன் ஆயில், பாரத், இந்துஸ்தான் மூன்றுக்கும் அந்த ஒரே எண்தான். தண்ணீரிலே மூழ்கிய ரெகுலேட்டரைத் துடைத்து மாட்டாதீர்கள். அதன் உள்ளே இருக்கிற மெல்லிய சவ்வுக்குச் சேறு பகை. மாற்றித்தான் ஆகவேண்டும். தெருவிலே ஒதுங்கிக் கிடக்கிற சிலிண்டரைக் கண்டால் உருட்டிவந்து வீட்டிலே சேர்க்காதீர்கள், பழைய இரும்புக்கும் போடாதீர்கள். அதன் வால்வு எங்கே மோதிற்றோ, யார் கண்டது?

எல்லாம் சொல்லியும் விபத்து நேர்ந்துவிட்டால்? எண்ணெய் நிறுவனங்கள் நுகர்வோருக்காகக் காப்பீடு எடுத்து வைத்திருக்கின்றன. உயிர் போனால் 6 லட்ச ரூபாய், மருத்துவத்துக்கு ஒருவருக்கு 2 லட்சம் வரை, சொத்துச் சேதத்துக்கு 2 லட்சம் வரை என்பது ஒன்றிய அரசே நாடாளுமன்றத்திலே தந்த விவரம். தனியே கட்டணம் கிடையாது. நம் மக்களிலே எத்தனை பேருக்குத் தெரியும் இது? அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. சொத்துச் சேதத்துக்கான தொகை, இணைப்புப் பதிவான முகவரியிலே நடந்த விபத்துக்கே. சைதாப்பேட்டைக் கரையிலே குடியிருந்தபோது வாங்கிய இணைப்பு, வீட்டைப் பெயர்த்துப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பிய பின்னும் பழைய முகவரியிலேயே இருந்தால், புத்தகம் ஓரிடம், புகை ஓரிடம்! வாடகைக்கு வீடு மாறுகிற ஒவ்வொரு தோழரும் ஏஜென்சிக்குப் போய் முகவரியை மாற்றட்டும்.

2007 தொடங்கித் தமிழ்நாட்டரசு ஏழைக் குடும்பங்களுக்கு இலவச எரிவாயு அடுப்பும் இணைப்பும் வழங்கியபோது, புகையிலே கண்ணைக் கசக்கிய தாய்மார்களின் அடுப்பங்கரையிலே நீலச் சுடர் எழுந்தது. நம்மவர் போராடிக் கேட்ட வசதி, வாசல் தேடி வந்தது. வந்த வசதியைப் புயலுக்குப் பலிகொடுப்பதா?

கேட்க வேண்டியவர்களிடம் கேட்கவும் தயங்கக் கூடாது. மூடி தொலைந்தவருக்கு மூடி கொடு என்று ஏஜென்சியைக் கேட்போம். ஒரு பிளாஸ்டிக் மூடி நிறுவனத்தைச் சாய்த்துவிடாது. வெள்ளம் புகுந்த தெருக்களிலே கட்டணமின்றி மெக்கானிக்கை அனுப்பு, மூழ்கிய ரெகுலேட்டரை மாற்றிக்கொடு என்று கேட்போம். சிலிண்டர் சுமக்கிற தோழரையும் மறக்கலாகாது. திறந்து கிடக்கிற சாக்கடைக் குழி தண்ணீருக்கடியிலே எங்கிருக்கிறது என்று தெரியாமல், 30 கிலோவைத் தோளிலே சுமந்து, மூன்று மாடி ஏறுகிறார் அவர். தண்ணீர் நிற்கிற தெருவிலே சுமக்க மாட்டேன் என்று அவர் சொன்னால் அது சோம்பல் ஆகாது. அப்படிச் சொன்னதற்காக அவர் கூலியிலே கை வைக்கும் முதலாளியைக் கேட்கவும் நமக்கு நா இருக்கிறது.

வட்டச் செயலாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஐப்பசி பிறந்ததும், பெருமழைக்கு முன்னே, ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கு ஒதுக்குங்கள். கொடியும் வேண்டாம், ஒலிபெருக்கியும் வேண்டாம். இருவர் இருவராகப் போங்கள். ஒருவர் பெண்தோழராக இருந்தால் அடுப்பங்கரைவரை போக வசதி. சீனிவாசபுரத்திலே தொடங்கி, கோட்டூர்புரம் வாரியக் குடியிருப்பு, மாம்பலம் கால்வாயோரத் தெருக்கள் என்று வீடு வீடாக ஏறுங்கள். கையிலே தாம்புக் கயிறு ஒரு சுருள், குழாய்க் கசிவு பார்க்கச் சோப்புத் தண்ணீர் ஒரு கிண்ணம். கதவைத் தட்டி, "அம்மா, சிலிண்டர் மூடி எங்கே?" என்று கேளுங்கள். இல்லை என்கிற வீட்டின் எண்ணைக் குறித்துக்கொண்டு, திங்கட்கிழமை காலை அந்தப் பட்டியலோடு ஏஜென்சி வாசலிலே நில்லுங்கள்.